கடலோர ஊரில் வீடு: இடம் பார்ப்பது முதல் புன்னை நடுவது வரை

தை, மாசி மாதங்களில் கடலோர நிலத்தைப் பார்க்கப் போனால் அன்றே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்த இரண்டு மாதங்களில் எந்தக் கடற்கரை ஊரும் மனத்தை மயக்கும். மழை பெய்து ஓய்ந்திருக்கும், கிணற்றுத் தண்ணீர் இனிக்கும், கடல் குளம் போலக் கிடக்கும். அதே மனையில் கார்த்திகையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கலாம். ஆனி மாதத்தில் அதே கிணற்று நீரை வாயில் வைக்க முடியாமல் போகலாம். நிலத் தரகர்கள் பெரும்பாலும் தை பிறந்த பிறகுதான் ஆள் கூட்டி வருகிறார்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு தரங்கம்பாடிக்கு அருகில் ஒரு சிறிய வீடு கட்டிக் குடியிருக்கிறேன். அடிக்கடி நண்பர்களும் உறவினர்களும் "எங்களுக்கும் அப்படி ஓர் இடம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை எல்லாம் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாசலில் கடல் இருக்கும் வீட்டைத் தேடாதீர்கள். காலையில் நடந்துபோய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் தூரத்தில் வீடு தேடுங்கள். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

எந்தக் கரை?

தமிழ்நாட்டின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. எல்லாம் ஒரே கடல் அல்ல. சென்னை முதல் மாமல்லபுரம் வரை விலையும் இரைச்சலும் கூடிவிட்டன. அமைதி தேடுபவர்களுக்கு அங்கே வேலை இல்லை. கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தைச் சுற்றிக் கட்டுப்பாடுகள் உண்டு. மரக்காணம் பக்கம் உப்பளங்களும் கழுவேலி சதுப்பு நிலமும் உள்ளன. பறவை பார்ப்பவர்களுக்குச் சொர்க்கம், கிணறு தோண்டுபவர்களுக்குச் சோதனை. கடலூருக்குத் தெற்கே சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகள் வரிசையாக இருப்பதை மறக்க வேண்டாம். பரங்கிப்பேட்டை, பூம்புகார், தரங்கம்பாடி வட்டாரம் இன்னும் அமைதியாகவே இருக்கிறது. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழாக் கூட்டம். மற்ற நாட்களிலும் யாத்திரிகர் வருகை ஓயாது.

கோடியக்கரையைத் தாண்டிவிட்டால் பாக் நீரிணை. அதிராம்பட்டினம், தொண்டி பக்கத்தில் கடல் ஆழமில்லாமல், அலை ஓசையே இல்லாமல் இருக்கும். மணல் குறைவு, சேறு அதிகம். அலையைக் கேட்டுக்கொண்டே தூங்க நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே மணப்பாடு, உவரி போன்ற ஊர்கள் கண்ணுக்கு விருந்து. ஆனால் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளின் மணலை அள்ளி வீசும் காற்றைத் தாங்கும் பழக்கம் வேண்டும். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் மக்கள் நெருக்கமும் அதிகம். ஆனி, ஆடி மாதங்களில் கடல் வீட்டுச் சுவர் வரை வந்து மோதும் இடங்களும் உண்டு.

உங்கள் சொந்த ஊர் எங்கே, பிள்ளைகள் எங்கே, ரயில் எங்கே என்பதை வைத்து இரண்டு வட்டாரங்களாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அலைய வேண்டாம்.

கடலிலிருந்து எவ்வளவு தூரம்?

மொத்தக் கட்டுரையிலும் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

தரங்கம்பாடியில் டேனியர் 1620-இல் கட்டிய கோட்டைக்கு அருகில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில். அதன் முன்பகுதி எப்போதோ கடலுக்குள் போய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கரையில் கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கடற்கரையில் மனை வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கற்களின்மேல் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் ஒருமுறை பேச்சுக் கொடுத்தேன். "ஐயா, எங்கள் அப்பா வலை காயப்போட்ட இடம் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது" என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் அலை உடைந்துகொண்டிருந்தது.

கரை அரிப்புக்குக் காரணம் எப்போதும் இயற்கை மட்டும் அல்ல. நம் கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. வடகிழக்குப் பருவமழையின்போது மட்டும் திசை மாறும். நடுவில் துறைமுகத்துக்கோ மீன்பிடித் தளத்துக்கோ கடலுக்குள் கல் சுவர் நீட்டினால், தெற்குப் பக்கத்தில் மணல் சேரும், வடக்குப் பக்கம் பட்டினி கிடக்கும். எண்பதுகளின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு நகரத்தின் மணல் கரை காணாமல் போனதும், அதற்கு வடக்கே தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் போன்ற மீனவ ஊர்களில் வீடுகள் கடலுக்குள் விழுந்ததும் இப்படித்தான். ஆகவே நீங்கள் பார்க்கும் மனைக்குத் தெற்கே சில கிலோமீட்டருக்குள் கல் சுவர் இருக்கிறதா, வரப்போகிறதா என்று விசாரியுங்கள். கைப்பேசியில் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தால் இருபது ஆண்டுகளில் கரை எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

2004 டிசம்பர் 26 காலையை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தரங்கம்பாடியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அன்று தண்ணீர் எதுவரை வந்தது என்று ஊரில் கேட்டால் தெருவையும் மரத்தையும் குறிப்பிட்டுச் சொல்வார்கள். அந்த எல்லைக்கு மேற்கே இருக்கும் நிலத்தை மட்டும் பாருங்கள்.

அடுத்தது சட்டம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்பதைப் பேச்சில் எல்லோரும் சிஆர்இசட் என்றே சொல்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் அலை ஏறும் உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப் பக்கமாக 500 மீட்டர் வரை இந்த மண்டலம். ஊர்ப்புறங்களில் முதல் 200 மீட்டர் கட்டுமானம் கூடாத பகுதி என்று 2011 அறிவிக்கை சொன்னது. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் நெருக்கமான ஊர்களுக்கு மட்டும் அதை 50 மீட்டராகக் குறைத்தது. அதுவும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெற்ற பிறகுதான். தரகர்கள் "இப்போது ஐம்பது மீட்டர்தான் சார்" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். அமைதியான ஊர் என்றால் மக்கள் நெருக்கம் குறைவாகத்தான் இருக்கும், ஆகவே உங்களுக்கு 200 மீட்டர் பொருந்தும் வாய்ப்பே அதிகம். மணல் குன்று, அலையாத்திக் காடு, ஆமை முட்டையிடும் இடம் என்றால் விதி இன்னும் கடுமை.

கடல் மட்டுமல்ல, உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் ஆறும் கழிமுகமும்கூட இந்த விதிக்குள் வருகின்றன. கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி உப்பனாற்றங்கரையில் மனை வாங்கிவிட்டு, பிறகு அனுமதி கிடைக்காமல் தவிப்பவர்கள் உண்டு. சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுமத்திடம் அந்த எண் எந்தப் பிரிவில் வருகிறது என்று எழுத்து மூலம் கேளுங்கள். வாய்ச்சொல் போதாது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் 700 மீட்டரிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் உள்ள இடம்தான் சரி என்பது என் முடிவு. கால் மணி நேர நடை. இரவில் அலை ஓசை மெல்லக் கேட்கும், காற்று வரும், கடல் வராது.

தண்ணீரைச் சுவைத்துப் பாருங்கள்

மனையைப் பார்க்கும் முன் பக்கத்து வீட்டுக் கிணற்றைப் பாருங்கள். வைகாசி அல்லது ஆனியில் போய் ஒரு டம்ளர் வாங்கிக் குடியுங்கள். பிறகு ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது. வேறு வழியே இல்லாத இடங்களில் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல நீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் வரை நல்ல நீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மேலே ஒரு சாண் குறைந்தாலே கீழே பல மீட்டர் உப்பு ஏறிவிடும். அதனால் ஆழ்குழாய் போட்டுப் பெரிய மோட்டாரால் உறிஞ்சுவது தனக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துச் செய்கிற கேடு. இந்த ஊர்ப் பழைய ஆட்கள் ஆழமில்லாத உறைகிணறு போட்டு மெதுவாக இறைத்தார்கள். நானும் அதையே செய்தேன். கூரை மழைநீர் முழுவதையும் அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் மணலில் இறக்கிவிடுகிறேன்.

சுற்றிலும் இறால் பண்ணை இருக்கிறதா என்று பாருங்கள். பண்ணைக் குட்டைகளின் உப்பு, வயலுக்கும் கிணற்றுக்கும் கசிவதை எதிர்த்து இந்த மாவட்ட மக்கள் நீண்ட காலம் போராடியிருக்கிறார்கள். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தியா முழுவதற்கும் முன்மாதிரியானது. பண்ணைகள் மறைந்துவிடவில்லை. குட்டைக்குப் பக்கத்து மனை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பத்திரம்

கடலோரப் பத்திரத்தில் உள்ள சிக்கல் உள்நாட்டுப் பத்திரத்தில் இருப்பதைவிட ஒரு பங்கு அதிகம். கரையை ஒட்டிய நிலம் பெரும்பாலும் புறம்போக்கு. மயிலாடுதுறை, நாகை மாவட்டங்களில் கோயிலுக்கும் மடங்களுக்கும் சொந்தமான நிலம் ஏராளம். அவற்றில் அடிமனை ஒருவருக்கும் மேல் வீடு இன்னொருவருக்கும் இருக்கும். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை மற்றவர்கள் வாங்கினால் அந்த விற்பனை செல்லாது, வாங்கவும் கூடாது. வக்பு நிலமும் உண்டு. ஆகவே அ-பதிவேடு, சிட்டா, புலப்பட வரைபடம் மூன்றையும் வருவாய்த் துறையின் இணையதளத்தில் நீங்களே எடுத்துப் பாருங்கள். வில்லங்கச் சான்றிதழை முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் போட்டு, மூலப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள்.

இந்தக் கரையோரக் குடும்பங்களில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போகாத வீடு குறைவு. அண்ணன் இங்கே விற்பார், தம்பி அங்கே இருப்பார், அக்காவின் பிள்ளைகள் இன்னொரு நாட்டில் இருப்பார்கள். கூட்டுப் பட்டா என்றால் ஒவ்வொரு வாரிசின் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் மற்றவர்களின் பொது அதிகாரம் பெற்றிருக்கிறேன் என்று சொன்னால், அந்தப் பத்திரம் இன்றும் உயிரோடு இருக்கிறதா, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

வயலைப் பிரித்து மனை போட்டு விற்கிறார்கள் என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அங்கீகாரம் இல்லாத புது மனைகளைப் பதிவு செய்ய முடியாது. வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர்களும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களும் வீட்டு மனை வாங்கலாம். விவசாய நிலமும் பண்ணை வீடும் வாங்க முடியாது. "தோப்போடு சேர்த்துக் கொடுக்கிறேன்" என்ற பேச்சுக்கு அவர்கள் மயங்கக் கூடாது. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்று தனியாக எடுத்து வைத்துவிட்டு நில விலையைப் பேசுங்கள்.

முதலீட்டுக்காக மட்டும் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமைதியான ஊரில் நிலம் வாங்குவது எளிது, விற்பது கடினம். விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையைக் காட்டி விலை ஏற்றுகிறார்கள். சாலை வந்தால் விலை கூடும், அமைதி போகும். இரண்டில் எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பத்து ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணம் இருந்தால் மட்டும் போடுங்கள்.

ஊர்க்காரர்கள்

கடற்கரை, மீனவர்களின் வேலை செய்யும் இடம். அதிகாலை மூன்று மணிக்கு இன்ஜின் சத்தம் கேட்கும், கருவாடு காயும், வலை பின்னுவார்கள், ஏலம் நடக்கும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் மட்டும் போய்ப் பார்த்தவர்கள் ஊர் நிசப்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். மீன் இறங்குதளத்துக்குப் பக்கத்தில் வாங்கிவிட்டு நாற்றம், சத்தம் என்று புகார் கொடுப்பது நியாயமே இல்லை. அவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். நாம்தான் புதிதாக வருகிறோம்.

வாங்குவதற்கு முன் ஊர்ப் பஞ்சாயத்துக்காரர்களைப் பார்த்து, இன்னார் வருகிறோம் என்று சொல்லுங்கள். மனைக்குக் குறுக்கே கடலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை இருந்தால், வரைபடத்தில் இல்லாவிட்டாலும், அதை வேலி போட்டு அடைக்காதீர்கள். ஐந்தடி விட்டு மதில் எடுத்தால் ஆயுளுக்கும் நல்ல அக்கம்பக்கம் கிடைக்கும். என் வீட்டில் 2018 நவம்பரில் கஜா புயல் வீசிய இரவுக்குப் பிறகு வாசலில் விழுந்த மரத்தை வெட்டி நகர்த்தியவர்கள் அந்தப் பாதையில் நடப்பவர்கள்தான்.

மருத்துவமனை

அறுபதைத் தாண்டியவர்களுக்கு இது ஒரே கேள்வி: நெஞ்சு வலி வந்தால், இரவு இரண்டு மணிக்கு, எத்தனை நிமிடத்தில்? பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை வண்டி ஓட்டிப் பாருங்கள். தரங்கம்பாடிக்குக் காரைக்கால் பக்கம், மயிலாடுதுறையும் எட்டும் தூரம். பெரிய சிகிச்சைக்குச் சிதம்பரமோ புதுச்சேரியோ போக வேண்டும். முக்கால் மணி நேரத்துக்குள் இதய சிகிச்சை வசதி இல்லாத ஊரை, எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கட்டும்போது

இந்தப் பாடத்தை நான் பணம் கொடுத்துக் கற்றேன். முதலில் பின்பக்கம் ஓர் அறையும் சமையலறையும் கட்டினேன். உள்நாட்டு ஊரிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர், நல்ல வேலைக்காரர்தான், ஆனால் கடற்கரையில் கட்டிய அனுபவம் இல்லாதவர். ஐந்தாவது ஆண்டு சமையலறை ஜன்னலுக்கு மேலே சன்ஷேடின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல், அதன் ஓரத்தில் பழுப்புக் கறை. கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தேன். பொள்ளலாகச் சத்தம் கேட்டது. மறுநாள் கொத்தனார் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் உள்ளங்கை அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி, பனை ஓலை மட்டை போலச் செதில் செதிலாகப் பிரிந்து நின்றது. கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக்கை அடியில் வைக்காமல் உடைந்த ஜல்லியைச் செருகியிருந்தார்கள். கம்பியை மூடும் கான்கிரீட், அதாவது மூடாக்கு, ஒரு விரல் கனம்கூட இல்லை. உப்புக் காற்று அதற்குள் புகுந்து கம்பியைத் தின்றுவிட்டது.

துரு ஏறிய கம்பி பருக்கிறது. பருத்ததும் கான்கிரீட்டைப் பிளக்கிறது. இதைத் தடுக்க வழி ஒன்றுதான்: கம்பியின்மேல் அடர்த்தியான கான்கிரீட் போதிய கனத்துக்கு இருக்க வேண்டும். கடலோரச் சூழலுக்கு எம்30 தரக் கான்கிரீட்டும் 45 மில்லிமீட்டர் மூடாக்கும் வேண்டும் என்று இந்தியத் தரக் குறியீடு 456 சொல்கிறது. ஒப்பந்தத்தில் இந்த இரண்டு எண்களையும் எழுதி வாங்குங்கள். கான்கிரீட் போடும் நாளுக்கு முந்தைய மாலை நீங்களே குனிந்து, ஒவ்வொரு கவர் பிளாக்கையும் அளவுகோலால் அளந்து பாருங்கள். கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கம்பி போட்ட வேலைக்கு ஆகாது. லாரித் தண்ணீர் வாங்கியாவது போடுங்கள். கரை மணலை ஒரு சட்டிகூடத் தொடக் கூடாது. சாம்பல் கலந்த சிமெண்ட் (பிபிசி என்று கேளுங்கள்) அல்லது இரும்பு உலைக் கசடு கலந்த சிமெண்ட் உப்பை நன்றாகத் தாங்கும். போட்ட கான்கிரீட்டுக்கு இருபத்தொரு நாள் நனைப்பு, ஒரு நாளும் குறையாமல்.

தரைமட்டத்தைச் சாலையிலிருந்து மூன்றடியாவது உயர்த்துங்கள். பக்கத்துச் சுவர்களில் பழைய வெள்ளத்தின் கறைக் கோடு இருந்தால் அதற்கும் மேலே. தகரக் கூரை வேண்டாம், புயலில் அது கத்தி. கீல், தாழ்ப்பாள், திருகு எல்லாம் பித்தளையில் அல்லது 316 தரத் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். சாதாரண எஃகு இரண்டு மழைக்குத் தாங்காது. வாடைக்காற்று மழையை வடகிழக்கிலிருந்து அடித்துக்கொண்டு வரும், அந்தப் பக்கத்தில் பெரிய கண்ணாடி ஜன்னல் வைக்காதீர்கள். தெற்கே திண்ணை வைத்தால் கோடையில் சோழகக் காற்று வந்து உட்காரும். ஏசியே தேவைப்படாது என்று சொல்ல மாட்டேன். மாலை ஐந்து மணிக்கு மேல் தேவைப்படாது.

வாங்குவதற்கு முன் ஒரு வருடம்

முடிந்தால் அதே ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு முழு ஆண்டு இருங்கள். ஓட்டு வீடானாலும் சரி. ஐப்பசி மழையையும் சித்திரை வெயிலையும் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும். மனைவிக்குப் பிடிக்காத ஊரில் கணவன் மட்டும் கடல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. காய்கறிக்கு எங்கே போவது, மின்சாரம் போனால் எத்தனை நாளில் வருகிறது, பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த ஓராண்டில் தெரிந்துவிடும்.

அந்த ஆண்டிலேயே ஒரு வேலையைத் தொடங்கிவிடலாம். வனத்துறை நாற்றங்காலில் புன்னைக் கன்று கேட்டு வாங்கித் தொட்டியில் வளர்த்து வையுங்கள். மனை கைக்கு வந்ததும், அடிக்கல் போடுவதற்கு முன்பே, கடல் பார்த்த பக்கத்தில் பத்தடிக்கு ஒன்றாக நட்டுவிடுங்கள். குழியில் மக்கிய எருவும் கொஞ்சம் செம்மண்ணும், முதல் இரண்டு கோடைக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீரும் போதும். புன்னை மெதுவாகத்தான் வளரும். உப்புக் காற்றில் இலை கருகாது, புயலில் எளிதில் சாயாது. என் வரிசையில் ஆறு மரங்கள் இப்போது மதிலைத் தாண்டிவிட்டன. ஜன்னல் கம்பிகளில் உப்புப் படிவது முன்பைவிடக் குறைந்திருக்கிறது.